கேட்க ஐந்து பேர்

— நாலு பேரு இருக்காங்கன்னு நீயே சொல்ற. நாலு பேருக்கு முன்னாடி பேசினா அது பேச்சு ஆகாதா? அஞ்சாவதா ஒருத்தன் வந்து உக்காந்தாத்தான் பேச்சா?

— அப்படித்தான் காலேஜுத் தாள்ல எழுதியிருக்கு டாரில். அஞ்சு பேரு, எல்லாரும் பதினெட்டு வயசு தாண்டினவங்க. ஆறு நிமிஷப் பேச்சு. அதுக்கு முன்னாடி ஒருதரம், பேசி முடிச்சதும் ஒருதரம், கேமராவ அஞ்சு மூஞ்சிக்கும் நேரா காட்டணும். ஒரு மூஞ்சி கொறஞ்சாலும் சைபர்.

— உள்ள அறுபது கிழடுங்க உக்காந்திருக்கு. அதுல ஒண்ணத் தள்ளிக்கிட்டு வர வேண்டியதுதானே. சக்கர நாற்காலிதானே, தள்ளினா வருது.

— மெதுவா பேசு, ஜன்னல் தொறந்திருக்கு. இந்த முதியோர் இல்லத்துல குடும்பத்துக்காரங்க கையெழுத்து இல்லாம யாரையும் படம் எடுக்கக் கூடாது. தன் கையெழுத்தத் தானே போடற நெலமையில இருக்கிறது ஆல்வின் தாத்தா ஒருத்தர்தான். அவரயும் சேத்துத்தான் நாலு.

— மத்த மூணு யாரு?

— சமையக்கட்டு ஜோஸி. துணி தோய்க்கிற ரமோன். ஞாயித்துக்கிழம பியானோ வாசிக்க வர்ற பாஸ்டர் சம்சாரம். அஞ்சாவதா நர்ஸ் ஒருத்தி வரேன்னு சொல்லியிருந்தா. புள்ளைக்குக் காய்ச்சல்னு மதியம் போன் பண்றா. நான் என்ன பண்ண?

— உடனே தம்பி ஞாபகம் வந்துருச்சு.

— வேற யாரும் இல்லடா.

— அத மொதல்லயே சொல்லியிருக்கலாம். "அவசரம், உடனே வா"ன்னு ஒரே வரி அனுப்பற. நான் யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு நெனச்சு, அடுப்புல கொதிச்சுக்கிட்டிருந்த பீன்ஸ் கறிய எறக்கி வச்சுட்டு இருவது மைல் ஓடி வரேன். வந்து பாத்தா பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம்.

— பேச்சுன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா?

— வந்திருக்க மாட்டேன்.

— அதான் சொல்லல.

— அம்மா அடக்கத்துக்கு அப்புறம் உன்ன இன்னைக்குத்தான் பாக்குறேன் அக்கா. ஒண்ணே முக்கா வருஷம். எளச்சுப் போயிட்ட.

— தூக்கம் இல்ல. நீ சிகரெட்ட இன்னும் விடலயா?

— ஒரே நேரத்துல ரெண்டு கெட்டதையும் விட்டா ஆளு செத்துருவான்னு டாக்டரே சொல்லியிருக்காரு. குடி போயிருச்சு, இது இருக்கட்டும். சரி, இன்னும் என்ன படிப்பு உனக்கு? பஸ்ஸு மேல பெருசா எழுதி ஒட்டியிருந்தானே, வேலைக்குப் போறவங்களுக்குப் பதினெட்டே மாசத்துல பட்டம்னு. நீ சேந்து எட்டு வருஷம் ஆகலயா?

— பதினெட்டு மாசம் தொழில் படிப்புக்குத்தான். அது அவங்க சொன்ன தேதிக்கே முடிச்சுட்டேன். பொதுப்பாடம்னு பதிமூணு வச்சிருந்தாங்க, அது வெளம்பரத்துல இல்ல. எண்பத்தொம்பதுல நான் படிச்ச ரெண்டையும் பழசுன்னு தள்ளிட்டாங்க. அஞ்சஞ்சு வாரத்துக்கு ஒரு பாடம், கையில காசு சேந்தப்ப மட்டும் எடுத்தேன். மழை ஓஞ்சும் தூவானம் விடாத கதைதான்.

— என்னென்ன பொதுப்பாடம்?

— எரிமலை படிச்சேன். புள்ளிவிவரம் படிச்சேன், அதுல ரெண்டு தடவ அழுதேன். ஓவியம். கிரேக்க நாடகம். நட்சத்திரம்.

— கிழவங்களக் குளிப்பாட்டி சட்ட மாட்டிவிடறவளுக்கு எதுக்கு எரிமலை? இந்த ஓஹையோல எங்க எரிமலை இருக்கு? சோளக்காடுதான் இருக்கு.

— கேட்டேன். முழு மனுஷியா ஆக்கறதுக்காம்.

— அம்பத்திமூணு வயசுல நீ இன்னும் முக்கா மனுஷிதானா?

— சிரிக்காத. பாத்த வேலைக்குக் கூட மார்க்கு குடுத்தாங்க. பத்தொம்பது வருஷம் இங்க என்ன செஞ்சேன், என்ன கத்துக்கிட்டேன்னு நாப்பது பக்கம் எழுதிக் குடுத்தேன், சாட்சிக் கடுதாசியோட. மூணு பாடம் கழிஞ்சுது. வாழ்ந்ததுக்கு மார்க்கு.

— அப்ப என் இருவத்தாறு மாசத்துக்கும் மார்க்கு தருவாங்களா? எட்டடிக்கு ஆறடி அறையில என்ன கத்துக்கிட்டேன்னு நானும் நாப்பது பக்கம் எழுதறேன். சட்டப்படி அதுவும் அனுபவந்தானே?

— டாரில்.

— என்ன டாரில்? நானா ஆரம்பிச்சேன்? எட்டு வருஷப் படிப்பப் பத்திப் பேசினா அது அந்த எடத்துக்குத்தான் வந்து நிக்கும், உனக்கும் தெரியும்.

— தெரியும்.

— தெரியுதுல்ல. அந்த வாயால ஆறு நிமிஷம் வந்து உக்காருன்னு எப்படிக் கேக்க முடியுது?

— வெர்னா! சொல்றேன்னு கோச்சுக்காத, ஆல்வின் தாத்தா தூங்க ஆரம்பிச்சுட்டாரு. தூங்கற மூஞ்சிய உங்க காலேஜு ஏத்துக்குமா?

— கொஞ்சம் பேச்சுக் குடு ஜோஸி. இதோ வந்துட்டேன்.

— பேச்சுக் குடுத்துத்தான் அவரு தூங்கிட்டாரு. பாஸ்டர் சம்சாரம் வேற பைய மடியில தூக்கி வச்சுக்கிட்டாங்க. அஞ்சு மணிக்கு நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு போடணும், அதுக்கப்புறம் கூடம் எனக்கு. இவரா உன் தம்பி? மூக்கு அப்படியே இருக்கு. உள்ள வந்து உக்காருங்க தம்பி, சொல்றேன்னு கோச்சுக்காதீங்க, வெளிய குளுருது.

— வரேன்மா. நீங்க போங்க.

— நான் போறேன், மணி நாலு முப்பத்தஞ்சு.

— போறா பாரு, நல்ல பொம்பள. என்னயத் தம்பிங்கறா. நான் யாருன்னு தெரியுமா அவளுக்கு?

— தெரியும். சொல்லியிருக்கேன்.

— என்னன்னு? குடிச்சுட்டு வண்டி ஓட்டி, தபால் பெட்டிகிட்ட நின்ன மனுஷன் இடுப்ப ஒடச்சவன்னா?

— எந்தம்பின்னு. டாரில், நேரம் இல்ல. நான் உள்ளதச் சொல்லிடறேன். இந்த எடத்த வேற கம்பெனி வாங்கிருச்சு. மேற்பார்வைல இருக்கிறவங்களுக்குப் பட்டம் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் கெடு. இல்லேன்னா என் மேஜைக்கு ஒரு சின்னப் பொண்ணு வந்துருவா, நான் திரும்ப வார்டுக்குப் போகணும். ஆளத் தூக்கணும், பொரட்டணும். என் முதுகு ரெண்டு மாசம் தாங்காது. வேற எங்க போக, இந்த வயசுல யாரு எடுப்பா? எல்லாப் பாடமும் முடிஞ்சுது. இந்தப் பேச்சுப் பாடம் ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு ஏழு மணிக்குள்ள அனுப்பணும்.

— ஏழு மணிக்கு அனுப்பலேன்னா அடுத்த அஞ்சு வாரத்துல படி. அவ்வளவுதானே?

— முடியாது. இது மூணாவது தடவ. ஒரு பாடத்துக்கு மூணு வாய்ப்புதான் எழுதியிருக்கு.

— மூணாவதா? புள்ளிவிவரமே ஒரே தடவையில தேறின. பேசறதுல என்ன கஷ்டம்? ரெண்டு தடவ என்னாச்சு?

— மொதத் தடவ ஷிஃப்ட்டு மாத்திட்டாங்க. ரெண்டாவது தடவ... அப்பவும் ஷிஃப்ட்டுதான்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணும் இல்ல. ஷிஃப்ட்டு போடறதே நீதானேன்னு நெனச்சேன்.

— வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு.

— நான் சொல்றதக் கேளு, அப்புறம் பதில் சொல்றேன். அஞ்சு வருஷமா இத யார்கிட்டயும் சொன்னதில்ல. கூட்டத்துல கூடச் சொன்னதில்ல.

— எந்தக் கூட்டம்?

— குடிய விட்டவங்க கூட்டம், சர்ச்சு கீழ்த்தளத்துல. வெள்ளிக்கிழம. அத விடு. அன்னைக்குக் கோர்ட்டுல என் வக்கீலு சொன்னாரு, இந்த ஜட்ஜு கல்லு இல்ல, எளகற ஆளு. குடும்பத்துல நெலையான வேல பாக்கற ஒருத்தர் எந்திரிச்சு, இவன் எங்க வீட்டுல இருப்பான், சிகிச்சைக்கு நான் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொன்னாப் போதும். உள்ள தள்ள மாட்டாரு. ஒரே ஒரு ஆளு. எனக்கு நீதான் இருந்த. அம்மா அப்பவே படுக்கையில.

— எனக்குத் தெரியும்டா.

— குறுக்க பேசாத. நீ போன்ல என்ன சொன்ன? எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கு. "கேசு மூணு மணிக்கு, அங்கருந்து ரெண்டர மணி நேரம் வண்டி ஓட்டணும், ஆறு மணிக்கு ஓவிய வகுப்பு கடைசி நாளு. ஏற்கெனவே ஒரு நாள் போகல, ரெண்டாவது நாளும் போகலேன்னா பெயிலுன்னு எழுதியிருக்கு, கட்டினதெல்லாம் போச்சு." நான் என்ன சொன்னேன்?

— சரிக்கான்னு சொன்ன.

— சரிக்கான்னு சொன்னேன். ஏன்னா இடுப்ப ஒடச்சது நான், நீ இல்ல. எனக்குக் கேக்க வாயி இல்ல. ஆனா ஜட்ஜு கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, இவனுக்காகப் பேச யாராவது வந்திருக்கீங்களான்னு கேட்டாரு பாரு. அப்ப நான் திரும்பிப் பாத்தேன் வெர்னா. காலி பெஞ்சு. கடைசியில யாரோ ஒருத்தன் வேற கேசுக்காக ஒக்காந்து நகத்தக் கடிச்சுக்கிட்டிருந்தான். நான் வக்கீலு சட்டையப் புடிச்சு இழுத்து, வெளிய ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்க சார், எங்கக்கா மனசு மாறி வந்தாலும் வந்திருப்பான்னு கெஞ்சினேன். அவரும் வராந்தாவுக்குப் போயிட்டு வந்தாரு. யாரும் இல்லேன்னாரு.

— டாரில், போதும்.

— மூணு வருஷம் போட்டாரு. இருவத்தாறு மாசத்துல விட்டாங்க. அதுக்குள்ள எம் பொண்டாட்டி ட்ரிஷா புள்ளயத் தூக்கிக்கிட்டு அரிசோனா போயிட்டா. எம்மவளுக்கு இப்ப பதினோரு வயசு. என்னய "டாரில்"னு கூப்பிடறா, பக்கத்து வீட்டுக்காரனக் கூப்பிடற மாதிரி. ஒரு ஓவிய வகுப்பு. நான் அங்க இருக்கும்போது லைப்ரரியில ஓவியப் புஸ்தகம் ஒண்ணு எடுத்துப் பாத்தேன், அப்படி என்னதான் இருக்குன்னு. ஒரு தட்டுல நாலு பேரிக்கா. அதான் இருந்துச்சு.

— எத்தன தடவ மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி போட்டேன்.

— போட்ட. நானும் படிச்சேன். கோவம் போயிருச்சுன்னுதான் நெனச்சேன். இப்ப அங்க பேச வராதவ, தனக்குப் பேச வேணும்னதும் கேக்க வந்து உக்காருங்கறா. சிரிப்பு வருது, அவ்வளவுதான்.

— சரி. போ. நான் போய் அவங்க நாலு பேரையும் அனுப்பிடறேன்.

— நில்லு. நான் மாட்டேன்னு சொன்னேனா?

— பின்ன என்ன சொன்ன இவ்வளவு நேரம்?

— சொல்ல வேண்டியதச் சொன்னேன். சொல்லிட்டேன், பாரம் எறங்கிருச்சு. உக்காரறேன். உனக்காக இல்ல, அம்மாவுக்காகன்னு வச்சுக்கோ. ஆறு நிமிஷம் எங்கிட்ட இருக்கு. என் மூஞ்சிய எத்தன தடவ வேணாலும் காட்டு, எனக்கென்ன, அத நேராவும் பக்கவாட்டுலயும் ஏற்கெனவே போலீசு படம் எடுத்தாச்சு.

— டாரில்...

— அழாத, மூக்கு செவந்தா கேமராவுல தெரியும். எதப் பத்திப் பேசப் போற?

— வயசானவங்க கீழ விழாம பாத்துக்கறது எப்படின்னு.

— நல்லா இருக்கும். தாத்தா முழிச்சுக்குவாரு. எங்க, உள்ள போறதுக்கு முன்னாடி எங்கிட்ட மொத ரெண்டு வரி சொல்லு. எடுத்ததும் தடுக்கினா மறுபடி மொதல்லருந்து எடுக்கணும், அந்தப் பாஸ்டர் பொண்டாட்டி பையத் தூக்கிட்டுக் கெளம்பிடும்.

— இங்கயா?

— இங்க யாரு இருக்கா? நான், ரெண்டு குப்பத்தொட்டி. சொல்லு.

— அனைவருக்கும் வணக்கம். நம்ம வீட்டுல வயசானவங்க... வயசானவங்க ஒவ்வொரு...

— ம். ஒவ்வொரு?

— இரு. தண்ணி குடிச்சுக்கறேன். அனைவருக்கும் வணக்கம். நம்ம வீட்டுல...

— பேப்பரப் பாத்துப் படியேன்.

— பாத்துப் படிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எனக்கு மனப்பாடம்டா. காருல தனியா முழுசும் சொல்றேன், ஒரு எழுத்து பிசகாம. இப்ப மொத வரியிலயே நின்னு போகுது.

— இப்பதான தண்ணி குடிச்ச, மறுபடி ஏன் பாட்டிலத் தொறக்கற? குடிய விட்ட மொத வாரத்துல நான் கூட இவ்வளவு தண்ணி குடிக்கல. வெர்னா, இங்க பாரு. என் ஒருத்தன் முன்னாடி நிக்கறதுக்கா இது?

— ஒருத்தன் முன்னாடின்னு இல்ல. "பேசு"ன்னு சொல்லிட்டா இப்படித்தான். எல்லாரும் வாய மூடிக்கிட்டு என் வாயப் பாப்பாங்கல்ல, அந்த நிமிஷம். ஒம்பதாம் வகுப்புல இருந்து இருக்கு.

— எனக்குத் தெரியவே தெரியாதே.

— யாருக்கும் தெரியாது. அம்மா அடக்கத்துக்கு நான் எழுதினத பாஸ்டரு படிச்சாரே, அழுகையில எனக்குக் குரல் வரலேன்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் அன்னைக்கு அழவே இல்ல.

— அப்ப ரெண்டு தடவ ஷிஃப்ட்டுன்னு சொன்னது?

— மொதத் தடவ கூடத்துல அஞ்சு பேரையும் உக்கார வச்சுட்டேன். அப்புறம் உடம்பு சரியில்லேன்னு எல்லாரையும் எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டேன். ரெண்டாவது தடவ யாரையும் கூப்பிடவே இல்ல. பன்னெண்டு பாடமும் முடிச்சுட்டு இதக் கடைசியில தள்ளினேன். தள்ளித் தள்ளி இப்ப தள்ள எடம் இல்ல.

— அட கிறுக்கச்சி. இத மொதல்லயே சொன்னா என்ன? நானும் அப்படித்தான் நின்னேன். மொத வெள்ளிக்கிழம எந்திரிச்சேன், பேரக் கூடச் சொல்லாம மறுபடி உக்காந்துட்டேன். எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. மொதல்ல பேரச் சொல்லணும். எல்லாரும் வணக்கம்பாங்க. அடுத்து, இத மட்டும் சொல்லவே கூடாதுன்னு வயித்துக்குள்ள எத வச்சிருக்கியோ, அத எடுத்ததும் சொல்லிடணும். அது வெளிய வந்துருச்சுன்னா அதுக்கு மேல பயப்பட ஒண்ணும் இருக்காது. மீதி தானா வரும்.

— கேமரா முன்னாடி அதச் சொல்ல முடியுமா?

— அங்க வேண்டாம், இங்க. எங்கிட்ட. சொல்லிட்டு அடைப்பு விட்டதும் நேரா உள்ள போயி கீழ விழாம இருக்கறதப் பத்திப் பேசு. எனக்கு வேல செஞ்சுது, உனக்கும் செய்யும்.

— என்னால முடியாது டாரில்.

— அவ்வளவு மோசமா என்ன பண்ணியிருப்ப நீ? மாத்திர திருடினியா? தாத்தா சொத்த எழுதி வாங்கினியா? எதுவா இருந்தாலும் என்னத விடக் கம்மிதான்.

— வெர்னா, நாலே முக்கா. சொல்றேன்னு கோச்சுக்காத, எனக்கு எறைச்சி ரொட்டி கருகுது.

— ரெண்டே நிமிஷம்மா, வந்துட்டோம். பாத்தியா, ஜோஸி ரொட்டி கருகினா உன்ன மன்னிக்க மாட்டா. சீக்கிரம்.

— சொன்னா நீ உள்ள வந்து உக்கார மாட்ட.

— உக்காருவேன்னு சொல்லிட்டேன்ல.

— சொல்லாம விட்டா உக்காருவ. சொன்னா எனக்கு எல்லாம் போயிடும்.

— சொல்லலேன்னா உள்ள போயி வாயே தொறக்க மாட்ட, அப்பவும் போயிடும். நிமிந்து நில்லு. என்னயப் பாக்க வேண்டாம், அந்தச் சோளக்காட்டப் பாரு. பேரு?

— வெர்னா. என் பேரு வெர்னா.

— வணக்கம் வெர்னா.

— எந்தம்பி கேசு அன்னைக்குச் சாயங்காலம்... எனக்கு வகுப்பு கெடையாது. ஓவியம் முந்தின வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சு.

— என்ன சொல்ற?

— குறுக்க பேசாத, நிறுத்தினா மறுபடி வராது. ரெண்டு மணிக்கே நான் கோர்ட்டுக்கு வந்துட்டேன், அவன் என் வீட்டுல இருப்பான்னு ஒரு வரி எழுதி எடுத்துக்கிட்டு. வராந்தாவுல வக்கீலு என் பேரச் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டாரு, நான் பொம்பளைங்க கக்கூஸ்ல கதவ உள்பக்கம் தாப்பாப் போட்டுக்கிட்டு, ரெண்டு தடவையும் கேட்டுக்கிட்டே நின்னேன்.